பஞ்சுவின் உண்ணிக் காய்ச்சலும் ஆரியசாலைப் பசு நிதியும்

எங்கள் நாய் பஞ்சு அன்று காலை கஞ்சியைத் தொடாமல் கிடந்தபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கர்க்கடகம் என்று இங்கே சொல்லுகிற ஆடி மாதத்து மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மனிதர்களுக்கே வாய்க்கு ஒன்றும் பிடிக்காத நாட்கள். மறுநாளும் அது பின்கட்டில் சாக்கின்மேல் சுருண்டு கிடந்தது. கூப்பிட்டால் வாலின் நுனி மட்டும் லேசாக அசைந்தது. மடியில் எடுத்து வைத்துக் காதைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போலச் சுட்டது. கொல்லைக்குக் கொண்டு போய் விட்டேன். அது பெய்த மூத்திரம் பால் விடாத கட்டங்காப்பி நிறத்தில் இருந்தது.

வீட்டில் வளர்க்கிற மிருகத்துக்கு இன்ஷூரன்ஸ் என்றால் என்ன, அதில் சேர்ந்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று இப்போது தெருவில் பல பெண்கள் என்னிடம் கேட்கிறார்கள். சட்டம் சொல்லுவதுபோல அடுக்கிச் சொல்ல எனக்கு வராது. பஞ்சு நோயில் விழுந்ததையும், நாங்கள் மிருகாசுபத்திரியில் காத்துக்கிடந்ததையும் நடந்தபடி சொன்னால் அவர்களுக்கு வேண்டிய பதில் அதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடு ஆரியசாலையில், மண்டிக்கடைகளுக்குப் பின்னால் போகிற சந்தில் இருந்தது. என் கணவர் சிதம்பரதாணு ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்சியில் குமாஸ்தா. கோட்டாறிலிருந்து கல்யாணமாகி நான் வந்தபோது அவருடைய வேலை என்னவென்றே எனக்குப் புரியவில்லை. உயிரோடு இருக்கிறவர்கள் தாங்கள் செத்தபின் வீட்டாருக்குப் பணம் வர ஏற்பாடு செய்துகொள்கிறார்கள் என்று அவர் சொன்னபோது, இது என்ன அபசகுனமான பிழைப்பு என்று நினைத்தேன்.

பஞ்சு சாலைக் கடைத்தெருவில் ஒரு மெத்தைக் கடையில் கிடைத்தது. தாய் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போக, குட்டி பஞ்சுக் குவியலுக்குள் புகுந்து தூங்கிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு காது மட்டும் தவிட்டு நிறம். கடைக்காரர் அதைத் தெருவில் விடப் பார்த்தார். நான் முந்தானையில் சுற்றி எடுத்து வந்துவிட்டேன். என் கணவர் பார்த்துவிட்டு, பின்கட்டோடு நிற்கட்டும், அடுக்களைப் பக்கம் கேறக்கூடாது என்று மட்டும் சொன்னார். அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. நாயும் அதைத் தெரிந்துகொண்டதுபோல, அவர் வந்தால் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இனி நிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரியசாலையிலும் வலியசாலையிலும் பசு வைத்திருந்த குடும்பங்கள் சேர்ந்து பசு சகாய நிதி என்று ஒன்று நடத்திவந்தார்கள். மாதந்தோறும் ஒவ்வொரு வீடும் சில சக்கரக் காசுகள் போடும். யாருடைய பசுவுக்காவது நோவு வந்தால் ஆசுபத்திரிச் செலவையும் மருந்துச் செலவையும் நிதி கொடுக்கும். தலைவர் தாணுமாலயன் பிள்ளை, அரிசி மண்டிக்காரர். விதிகளை எழுதி, காரியதரிசியாக இருந்து நடத்தியவர் என் கணவர். ஆபீசில் மனிதர்களுக்குச் செய்வதை இங்கே மாடுகளுக்குச் செய்வதாகச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருஷம் தையற்காரர் தேவசகாயம், தன் நாயையும் நிதியில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். நாய் வைத்திருந்த வேறு சில வீட்டாரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். நானும் என் கணவரைச் சும்மா விடவில்லை. தாணுமாலயன் பிள்ளைக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பால் தருகிற மாட்டுக்குப் போட்ட பணத்தை எச்சிலை நக்குகிற பட்டி நாய்க்குச் செலவழிப்பதா என்று கேட்டாராம். கடைசியில், நாய்க்குக் குறைந்த சந்தா, கிடைப்பதும் அதற்குத் தக்கபடி குறைவு என்று ஒப்புக்கொண்டார். மூன்று நிபந்தனைகளும் உண்டு. ரொம்ப வயதான மிருகத்தைச் சேர்க்கக் கூடாது. சேரும்போதே இருந்த நோய்க்கு நிதி பொறுப்பில்லை. சேர்ந்த நாளிலிருந்து ஒரு மாதம் திகைவதற்குள், அதாவது முழுதாவதற்குள், எந்த நோய் வந்தாலும் நிதி கொடுக்காது.

கடைசி நிபந்தனை எதற்கு என்று நான் கேட்டேன். நோய் வந்த பிறகு ஓடிவந்து சேருகிறவர்களைத் தடுப்பதற்கு என்றார் என் கணவர். சரியாகத்தான் பட்டது. அன்றே பஞ்சுவையும் சேர்த்துச் சந்தா கட்டினோம். அப்போது பஞ்சு கொல்லையில் அணிலைத் துரத்திக்கொண்டிருந்தது.

மாதம் திகைவதற்குக் கொஞ்ச நாட்கள் இருக்கும்போது அது படுத்துவிட்டது.

பழைய சேலையில் சுற்றி, கைக்குழந்தையைப்போலத் தோளில் போட்டுக்கொண்டு ஜட்கா வண்டி தேடி நின்றேன். நாய் என்று தெரிந்தால் ஏற்றமாட்டார்கள் என்று முகத்தையும் மூடியிருந்தேன். ஒரு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் சேலைக்கு வெளியே வால் தொங்கிவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். இறங்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்து நான் கூசிப்போனேன். அவர் குதிரையை மெதுவாக்கி, பள்ளம் பார்த்து ஓட்டினார்.

மிருகாசுபத்திரியில் ஓட்டுக் கொட்டகைதான் காத்திருக்கிற இடம். நுகத்தடி பட்டுக் கழுத்து புண்ணாகிப்போன வண்டிமாடு, வயிறு உப்பிய ஆடு, குட்டியோடு ஒரு எருமை என்று எல்லாம் நின்றன. மனிதர்களுடைய ஆசுபத்திரியில் ஒருவருக்கொருவர் நோயைச் சொல்லிப் புலம்புவார்கள். இங்கே மிருகங்கள் வாய் திறக்கவில்லை. அவற்றுக்காக நாங்கள்தான் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆட்டுக்காரி தன் முறை வந்தபோது, உன் குட்டியைப் பார்த்தால் தாங்காது, நீ முதலில் போ என்று என்னை உள்ளே தள்ளிவிட்டாள்.

டாக்டர் குரியன் சென்னையில் படித்துவிட்டு வந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார். இருந்தாலும் இடையிடையே மலையாளம் வந்துவிடும். பஞ்சுவின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்து, லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. காது நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பக்கத்து அறைக்கு எடுத்துக்கொண்டு போனார். நேரம் கழித்து வந்து என்னைக் கூப்பிட்டார்.

"இது உண்ணிப் பனியாக்கும், அம்மா. வந்து பாருங்க."

பனி என்றால் இந்த ஊரில் காய்ச்சல். பூதக்கண்ணாடிக் குழாயில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். வட்ட வட்டமாக ஏராளமான ரத்த அணுக்கள். அவற்றில் சிலவற்றுக்குள், காம்பில் சேர்ந்திருக்கிற இரண்டு சிறு பேரிக்காய்போல ஜோடி ஜோடியாக ஏதோ இருந்தன. அவைதான் நோய்க் கிருமிகள் என்றார். உண்ணி நாயைக் கடித்து ரத்தம் குடிக்கும்போது இவற்றை உள்ளே விட்டுவிடுமாம். இவை ரத்த அணுவுக்குள் புகுந்து பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியேறி அடுத்த அணுவுக்குள் போகும். உடைந்த அணுவின் சிவப்புதான் மூத்திரத்தில் காப்பி நிறமாகப் போகிறது. ரத்தம் உள்ளுக்குள்ளேயே கரைந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வாரந்தோறும் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி உண்ணி எடுத்துக்கொண்டுதானே இருந்தேன் என்றேன். ஒரே ஒரு உண்ணி தப்பினாலும் போதும், உங்கள் பேரில் குற்றமில்லை என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

மருந்து உண்டு என்றார். துணிச் சாயத்தோடு சேர்ந்த ஒரு நீலப்பொடி. அதை வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, நரம்பில் ஏற்ற வேண்டும். ஆனால் அது சீமையிலிருந்து வர வேண்டிய சரக்கு. யுத்தம் தொடங்கியதிலிருந்து வரத்து நின்றுபோய்விட்டது. ஆசுபத்திரியில் கையிருப்பு இல்லை. கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் பழைய புட்டி ஒன்று இருப்பதாக அவருக்குத் தெரியும். விலை அதிகம் கேட்பார்கள்.

"இன்னைக்கே வேணும். நாளைக்கு ஆவாம்னு வச்சா ரத்தம் பின்னையும் போகும்," என்றார்.

பஞ்சுவை அங்கேயே ஒரு கூண்டில் சாக்கு விரித்துப் படுக்கவைத்துவிட்டு என் கணவருடைய ஆபீசுக்குப் போனேன். அந்த மரப்படிகளில் நான் அதற்குமுன் ஏறியதே இல்லை. அவர் என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். படிக்கட்டில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நிதியிலிருந்து எடுத்துக் கொடுங்கள் என்றேன்.

"மாசம் திகையல்லே, பகவதி," என்றார்.

"கொஞ்ச நாளுதானே குறையுது. காரியதரிசி நீங்கதானே. நாயி படுத்தது அடுத்த வாரம்னு வச்சுக்கிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்லா."

பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. அவர் என்னை ஆசுபத்திரிக்குப் போகச் சொன்னார், மருந்தைத் தான் கொண்டுவருவதாகச் சொன்னார். நான் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன். இந்த மனிதருக்கு ஒரு வாயில்லா ஜீவனைவிடத் தான் எழுதிய விதி பெரிதாகப் போய்விட்டதே என்று வழியெல்லாம் மனம் கொதித்தது.

மழையில் தொப்பலாக நனைந்து அவர் வந்தபோது சட்டைக்குள்ளிருந்து புட்டியை எடுத்துக் கொடுத்தார். புட்டி மட்டும் நனையவில்லை. சைக்கிள் வாங்க வெகுநாளாகச் சேர்த்து வைத்ததை அன்று எடுத்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அதற்குப் பிறகும் அவர் நடந்துதான் ஆபீசுக்குப் போனார்.

டாக்டர் பொடியைக் கரைத்துக் காய்ச்சி வடிகட்டி ஊசிக்குழாயில் ஏற்றிக்கொண்டார். முன்னங்காலின் நரம்பில் போட வேண்டும். ஒரு சொட்டு நரம்புக்கு வெளியே சிந்தினாலும் அந்த இடம் அழுகிப் புண்ணாகிவிடும், அதனால் நாய் அசையக்கூடாது, யாராவது இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்றார். நான் முன்னால் போனேன். என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, "சார் பிடிக்கட்டே," என்றார்.

என் கணவர் ஈரச் சட்டையோடு கீழே உட்கார்ந்து பஞ்சுவின் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். மற்ற கையால் அதன் முழங்காலைப் பிடித்தார். அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நீலமருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிற்று. பஞ்சு ஒரு தடவை முனகியது. அவர் அதன் தவிட்டுக் காதருகே குனிந்து, ஒண்ணுமில்லே, ஒண்ணுமில்லே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஊசியை எடுத்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரவில் ஆசுபத்திரியில் யாரும் தங்கக்கூடாது. வீட்டுக்கு வந்து படுத்தால் பின்கட்டில் நகம் தரையில் கீறுகிற சத்தம் கேட்காதது தூக்கத்தைக் கெடுத்தது. நானும் அவரும் பேச்சில்லாமல் இருந்தோம். காலையில் எனக்கு முன்னாலேயே எழுந்து அவர் ஆசுபத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, உயிரோடு இருக்கு என்பார். பிறகு குளித்து ஆபீசுக்குப் போவார். பகலெல்லாம் நான் அங்கே இருப்பேன்.

அடுத்து வந்த நாட்களில் பஞ்சு நீலமாகிவிட்டது. முதலில் நாக்கு, பிறகு ஈறு, பிறகு கண்ணின் வெள்ளை. வெள்ளை முடிக்கு அடியில் வயிற்றுத் தோலும் காதின் உட்புறமும் நாகப்பழம் தின்ற வாய்போல ஆயின. டாக்டர் முன்பே சொல்லியிருந்தும் பார்க்கும்போது பயமாகத்தான் இருந்தது. இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. ரத்தம் ஊறுகிறதா குறைகிறதா என்று ஈறின் நிறத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். நீலமான ஈறில் என்ன தெரியும்? அதனால் அவர் தினமும் காதிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் குழாயில் பார்க்க வேண்டியிருந்தது. கிருமிகள் குறைந்தன. ஆனால் நாய் எழுந்திருக்கவில்லை. சோறு, பால் எதையும் மோந்துகூடப் பார்க்கவில்லை. போன ரத்தம் ஊற வேண்டுமானால் ஈரல் சூப்பு கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

நாங்கள் சைவம். எங்கள் வீட்டு அடுப்பில் அது நடக்காது. கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது தேவசகாயம் பார்க்க வந்தார். அவர் மனைவி மறுநாளிலிருந்தே ஆட்டீரலை வேகவைத்துப் பிழிந்து தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுத்துவிட்டாள். அதைக் காலையில் அவர்கள் வீட்டிலிருந்து வாங்கி, தளும்பாமல் சாலைக் கடைத்தெரு வழியாக ஆசுபத்திரிக்குக் கொண்டுவந்தவர் என் கணவர். நெற்றியில் திருநீறு, கையில் ஈரல் சூப்பு. தெரிந்தவர்கள் என்னவென்று கேட்டால், மருந்து என்பார்.

இதற்கு நடுவில் நிதிக் கூட்டம் நடந்தது. தேவசகாயம்தான் பஞ்சுவின் விஷயத்தை எடுத்தார். விதியைக் கொஞ்சம் தளர்த்தலாமே, நம் காரியதரிசியின் வீட்டு நாயாயிற்றே என்றாராம். சிலர் தலையாட்டினார்கள். தாணுமாலயன் பிள்ளை வாய் திறப்பதற்குமுன் என் கணவரே எழுந்து, கூடாது என்று சொல்லிவிட்டார். அதைத் தேவசகாயத்தின் மனைவி சொல்லித்தான் நான் கேள்விப்பட்டேன். அன்று சாயங்காலம் என்னால் அடக்க முடியவில்லை.

"கொடுக்கேன்னு சொன்னவங்களையும் நீங்க எதுக்குத் தடுத்திய?" என்று கேட்டேன்.

அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். எப்போதும் நின்றுகொண்டு பேசுகிற மனிதர். நிதியில் இருப்பது நம் பணமில்லை என்று ஆரம்பித்தார். இந்த வருஷம் நோய் வராத மாடுகளுடைய பணம் அது. நோய் வருகிற மாட்டுக்காக அது காத்திருக்கிறது. எது எந்த மாடு என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. தெரியாமல் இருக்கும்போதே போட்டால்தான் அது நிதி. தெரிந்த பிறகு எடுத்தால் அடுத்தவர் கலத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி. இன்று காரியதரிசியின் நாய்க்குத் தளர்த்தினால் நாளைக்கு மண்டிக்காரரின் மாட்டுக்கும் தளர்த்த வேண்டும். அப்படியே போனால் ஒருநாள் பெட்டி காலியாகும்.

"அண்ணைக்கு நாணியம்மைக்க பசு படுத்துதுன்னு வை. அவ யாருகிட்ட போவா?"

நாணியம்மை வலியசாலைக்குப் பின்னால் இருந்த விதவை. ஒரே ஒரு பசு. அதன் பாலை வீடு வீடாக ஊற்றித்தான் அவளும் இரண்டு பெண்களும் சாப்பிட்டார்கள். அவர் சொன்னது அறிவுக்குப் புரிந்தது. மனம் மட்டும் கூண்டுக்குள் கிடக்கிற பஞ்சுவையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் அன்றிலிருந்து அவரோடு பேச ஆரம்பித்தேன்.

கூட்டம் நடந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, தாணுமாலயன் பிள்ளை குடையை மடக்கிக்கொண்டு ஆசுபத்திரிக் கொட்டகைக்குள் வந்தார். கையில் ஒரு செம்பு. என்னைப் பார்த்து, கூண்டுக்குள் குனிந்து பார்த்தார். பஞ்சு தலையைத் தூக்கி நீல நாக்கை வெளியே விட்டது.

"நீலகண்டனாட்டுல்லா இருக்கு," என்றார். பிறகு செம்பை என்னிடம் நீட்டினார். "நிதியில தர வகையில்லே, மக்கா. இது எனக்க வீட்டுப் பாலு. இதுக்கு விதியொண்ணும் கிடையாது."

அந்தப் பாலில் தேவசகாயத்தின் வீட்டுச் சூப்பைக் கலந்து விரலால் தொட்டு உதட்டில் தடவினேன். அது நக்கியது. மறுபடி தடவினேன். மறுபடி நக்கியது. பிள்ளை குடையின் பிடியில் இரண்டு கைகளையும் ஊன்றி, பாத்திரம் காலியாகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். எங்கள் தெருப் பிள்ளைகள் பிறகு பஞ்சுவை நீலகண்டன் என்று கூப்பிட்டது அவர் வாயிலிருந்து பரவியதுதான்.

இரண்டாவது ஊசியும் போட்டார்கள். அன்றைக்கு உடம்பு மிகவும் சோர்ந்து, மூச்சு மேலும் கீழும் வாங்கியது. டாக்டர் மற்ற மிருகங்களைப் பார்க்கப் போவதும், இடையில் வந்து இதன் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பதுமாக இருந்தார். என் கணவர் ஆபீசிலிருந்து நேரே வந்தார். கூண்டுக் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுத் தவிட்டுக் காதைத் தடவினார். இரண்டு நாளாக எனக்கு அசையாத வால் சாக்கின்மேல் பட் பட்டென்று அடித்தது. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். தள்ளி உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த நாய் இத்தனை நாளும் எதற்குக் காத்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

அதன்பின் ஏறுமுகம்தான். முதலில் உட்கார்ந்தது. பிறகு நாலு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு, புதிதாக நடக்கப் பழகுகிற பிள்ளைபோல நின்றது. ரத்தத்தில் கிருமி இல்லை என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அடுக்களை வாசலில் அது பழக்கப்படி தயங்கி நின்றது. என் கணவர் இலையில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். அது உள்ளே வந்து அவருடைய பலகைக்குப் பின்னால் படுத்துக்கொண்டது.

இன்னொரு சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். சேருகிறவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. பஞ்சுவின் மாதம் திகைந்தபின் நான் என் கணவரிடம், இனிமேல் அதற்கு எது வந்தாலும் நிதி கொடுக்கும் அல்லவா என்று கேட்டேன். உண்ணிக் காய்ச்சல் திரும்ப வந்தால் கொடுக்காது என்றார். இப்போது அது முன்பே இருந்த நோய் என்ற கணக்கில் வந்துவிடுமாம். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தோசைத் திருப்பியை அவர் பக்கம் நீட்டிவிட்டேன். இது நியாயமா, நீங்களே சொல்லுங்கள், ஒருதடவை நோய் வந்து பிழைத்ததற்காக ஆயுள் முழுக்கத் தண்டனையா என்று கேட்டேன். அவர் யோசித்தார். அடுத்த கூட்டத்துக்கு டாக்டர் குரியனையே அழைத்து வந்தார். ஆறு மாதம் கழித்து ரத்தம் பார்த்து, கிருமி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அந்த நோய் புதிய நோயாகவே கருதப்படும் என்று விதியை மாற்றினார்கள். தாணுமாலயன் பிள்ளைதான் முதலில் கை தூக்கினாராம்.

ஆவணியில் நாணியம்மையின் பசு கன்று போட்டது. போட்ட மறுநாளே விழுந்துவிட்டது. விஷயம் கேள்விப்பட்டு நானும் ஓடினேன். கழுத்தை மடக்கி விலாவில் சாய்த்துக்கொண்டு, கண் நிலைகுத்தி, காது சில்லிட்டுக் கிடந்தது. நாணியம்மை அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். கன்று தாய் மடியைத் தேடி முட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் டாக்டரை வண்டியில் அழைத்து வந்துவிட்டார். வண்டிக்கும் மருந்துக்கும் நிதி கொடுத்தது. யாரும் கேள்வி கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அவள் சேர்ந்து வருஷங்களாகியிருந்தன.

பால் திடீரென்று சுரக்கும்போது ரத்தத்திலிருக்கிற சுண்ணாம்புச் சத்தெல்லாம் மடிக்கு இறங்கிவிடும், அதனால் தசைகள் வேலை செய்யாமல் மாடு சாய்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். ஒரு சிறு குழாயைக் காம்புக்குள் செலுத்தி, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரியான பம்பால் மடிக்குள் காற்றை ஏற்றினார். ஒவ்வொரு காம்பாக ஏற்றி, காற்று வெளியேறாமல் நாடாவால் கட்டினார். மடி தம்பட்டம்போல உப்பிற்று. பால் சுரப்பு நின்றால் சத்து ரத்தத்துக்குத் திரும்பும் என்றார். எங்களுக்கு நம்பிக்கையில்லை. எல்லாரும் சுற்றி நின்றோம். தாணுமாலயன் பிள்ளை குடையை ஊன்றிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார்.

வெயில் சாய்கிற சமயத்தில் பசு கழுத்தை நிமிர்த்தியது. பிறகு பின்னங்காலை ஊன்றி, ஆடி ஆடி எழுந்து நின்று, கன்றைப் பார்த்து அடித்தொண்டையில் கூப்பிட்டது. நாணியம்மை அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

நான் அங்கேயே நின்றேன். கடந்த மாதங்களில் நான் போட்ட சக்கரங்களும் அந்தப் பம்பில் கொஞ்சம் இருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும், படிக்கட்டில் நின்று நான் என் கணவரிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. அவர் வண்டிப் பக்கத்தில் டாக்டருடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரிடம் போய் நிற்க வேண்டும்போல இருந்தது. போய் நின்றேன்.

தாணுமாலயன் பிள்ளை எங்கள் பக்கம் வந்தார். "உனக்கு இன்னும் வருத்தம் உண்டா, மக்கா? பஞ்சுவுக்கு ஒண்ணும் கிட்டலியேன்னு," என்று கேட்டார்.

"கிட்டாமலே போகட்டும், அண்ணாச்சி. கிட்டணும்னா அது மறுபடி படுக்கணும்லா," என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பஞ்சு அதன்பின் பல வருஷங்கள் நன்றாக இருந்தது. அடுக்களையிலேயே கிடந்து கிழடாகி, ஒரு பகல் தூக்கத்தில் என் கணவருடைய காலடியிலேயே போய்விட்டது. அதுவரைக்கும் நாங்கள் மாதம் தவறாமல் நிதிக்குக் கட்டினோம். அதில் ஒரு சக்கரம்கூட எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.